ஜிஎன்எம்மா, பி.எஸ்சி. நர்சிங்கா: அண்ணன் மகளுக்காக உட்கார்ந்து போட்ட கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் அண்ணன் போன் செய்தார். "பாப்பா நர்சிங்தான் படிப்பேன்னு நிக்கிறா. நேத்து ஒருத்தர் வீட்டுக்கே வந்து நோட்டீஸ் கொடுத்துட்டுப் போனார். நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா அட்வான்ஸ் கட்டிடுறேன்." ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க, ஞாயிற்றுக்கிழமை வர்றேன் என்று சொல்லி வைத்தேன்.

நான் ஜிஎன்எம் படித்தவள், அதாவது பொது நர்சிங், மகப்பேறு இரண்டுக்குமான டிப்ளமோ. எங்கள் காலத்தில் அது மூன்றரை வருடப் படிப்பு. ஆறு வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் ஜிஎன்எம் முடித்தவர்கள் பட்டம் வாங்கப் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தேன். இரண்டு பாதையிலும் நடந்திருப்பதால், இந்தக் கேள்வியோடு என்னிடம் வருபவர்கள் அதிகம். ஒவ்வொரு வருடமும் மே மாதம் யாராவது ஒருவருக்கு இதையெல்லாம் சொல்கிறேன். இந்த வருடம் என் வீட்டுப் பிள்ளைக்கே சொல்ல வேண்டி வந்ததால், கொஞ்சம் பொறுமையாக எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த நோட்டீஸ். வழவழப்பான தாளில் நான்கு வண்ணத்தில் அடித்திருந்தார்கள். ஓராண்டு நர்சிங் டிப்ளமோ, நூறு சதவீத வேலை, சீருடை இலவசம். கீழே ஏதோ ஒரு டிரஸ்டின் பெயர். "அத்தை, இது ஜிஎன்எம் மாதிரிதானாம், சீக்கிரம் முடிஞ்சிருமாம்" என்றாள் பாப்பா. இப்படி நினைத்துச் சேர்ந்து, படித்து முடித்து, மூன்று வருடம் ஒரு நர்சிங் ஹோமில் ஊசி போட்டுக்கொண்டிருந்த பிறகுதான் தான் நர்ஸ் இல்லை என்று தெரிந்துகொண்ட பெண்களை எனக்குத் தெரியும். கையில் வேலை இருக்கும், பதிவு எண் இருக்காது. அரசுத் தேர்வு எழுத முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது, வெளிநாட்டுக்கு நர்ஸாகப் போக முடியாது. மேற்படிப்புக்கும் அந்தச் சான்றிதழ் உதவாது. திரும்பவும் முதலிலிருந்து மூன்று வருடம் படிக்க வேண்டும், அதற்குள் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஒருவர் நர்ஸா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் பதிவுதான். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த கவுன்சில் அது. ஜிஎன்எம், பி.எஸ்சி. இரண்டில் எதை முடித்தாலும் அங்கே ஆர்.என்., ஆர்.எம். என்று பதிவு கிடைக்கும், அதாவது பதிவுபெற்ற நர்ஸ், பதிவுபெற்ற மருத்துவச்சி. ஏஎன்எம், அதாவது துணை நர்ஸ் மருத்துவச்சிப் படிப்பு முடித்தவர்களுக்குத் தனிப் பதிவு உண்டு. பிளஸ் டூ முடித்த கையோடு பதிவுக்குக் கொண்டுபோகும் படிப்புகள் இந்த மூன்றும்தான். நான்காவதாக யார் எதைச் சொன்னாலும், "முடிச்சா கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமா, அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்க" என்று கேளுங்கள். நோட்டீஸ் கொடுத்தவருக்கு அண்ணன் போன் போட்டு இதையே கேட்டார். ஆபீஸில் விசாரித்துச் சொல்கிறேன் என்றவர் திரும்பக் கூப்பிடவில்லை.

ஏஎன்எம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம், பெண்களுக்கு மட்டும், பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். துணை சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டு கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, பிரசவமான வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு வருவது என்று ஊரோடு ஒட்டிய வேலைக்கான படிப்பு. தமிழ்நாட்டில் தாய் சேய் மரணங்கள் குறைந்ததில் கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக நடந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அரசு வேலை அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, தனியார் ஆஸ்பத்திரியில் ஏஎன்எம் முடித்தவருக்குச் சம்பளம் எப்போதும் ஒரு படி கீழேதான். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் ஆசை இருக்கிற பிள்ளைக்கு இது சரியான தேர்வு இல்லை. பாப்பாவுக்கு வார்டுதான் வேண்டும். ஆகவே பேச்சு ஜிஎன்எம், பி.எஸ்சி. இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது.

ஜிஎன்எம் இப்போது இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து மூன்று வருடம். பி.எஸ்சி. நான்கு வருடம், எட்டு செமஸ்டர். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம், ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு அந்த அறிவியல் பாடங்களில் 45 சதவீதம் வேண்டும். ஜிஎன்எம்முக்கு அறிவியல் குரூப்புக்கு முன்னுரிமை உண்டு, ஆனாலும் காமர்ஸ் படித்த பிள்ளையும் 40 சதவீதம் இருந்தால் சேரலாம். பிளஸ் ஒன்னில் கணக்குப் பதிவியல் எடுத்துவிட்டு, வார்டு நர்ஸ் ஆகும் ஆசை பின்னால் வந்த பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே வாசல் ஜிஎன்எம்தான். அதை முடித்தபின் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர்ந்தால் அவர்களும் பட்டதாரி ஆகிவிடலாம். மொத்தம் ஐந்து வருடம் ஆகும். நேராகப் போனால் நான்கு. ஒரு வருடம்தான் கூடுதல், அதற்குப் பதிலாக இடையில் சம்பாதிக்க முடிகிறது. என் வீட்டுச் சூழலில் அந்தச் சம்பாத்தியம் தேவைப்பட்டது, அதனால்தான் நான் அந்த வழியில் போனேன். தேவைப்படாத வீட்டில் சுற்றிப் போக வேண்டியதில்லை.

"ஜிஎன்எம்மை நிறுத்தப் போறாங்களாமே?" என்று அண்ணன் கேட்டார். அந்தப் பேச்சு பல வருடங்களாக இருக்கிறது. படிப்பு இன்னும் நடக்கிறது, பதிவும் கொடுக்கிறார்கள். நாளைக்கே நிறுத்தினாலும் ஏற்கெனவே பதிவு செய்தவரின் பதிவு செல்லும்.

அடுத்து பாப்பா கேட்ட கேள்விதான் முக்கியமானது. "ரெண்டுல யாருக்கு வேலை நல்லா தெரியும் அத்தை?"

இதற்கு நான் அவளிடம் ஒரு நைட் டூட்டியைப் பற்றிச் சொன்னேன். டெங்கு அதிகமாக இருந்த ஒரு நவம்பர். குழந்தைகள் வார்டில் என்னோடு புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி அரசு நர்சிங் பள்ளியில் ஜிஎன்எம் முடித்தவள், மற்றவள் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தவள். ராத்திரி இரண்டரை மணி இருக்கும். பத்து வயதுப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவன் அம்மாவுக்கு நிம்மதி. மூன்று நாளாகத் தூங்காதவர் அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்தார். பி.பி. பார்த்துவிட்டு வந்த பி.எஸ்சி. பெண் என்னிடம் மெதுவாக, "சிஸ்டர், 90க்கு 76 இருக்கு. இடைவெளி ரொம்பக் குறைஞ்சிருக்கு. கையும் ஜில்லுன்னு இருக்கு" என்றாள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம், மேல் கீழ் அழுத்தங்களின் இடைவெளி 20க்குக் கீழே வந்தால் பிள்ளை ஷாக்குக்குள், அதாவது ரத்த ஓட்டம் சரியும் நிலைக்குள் போகிறான் என்று அவள் படித்ததை மறக்கவில்லை. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டோம். உடனே திரவம் ஏற்ற வேண்டும், ஆனால் ஏற்கெனவே கேனுலா, அதாவது திரவம் ஏற்ற நரம்பில் செருகும் குழாய், போட்டிருந்த இடம் வீங்கிப் போயிருந்தது. புதிதாக லைன் போட அந்தப் பெண் இரண்டு முறை முயன்றும் கிடைக்கவில்லை, அவள் விரல்கள் நடுங்கின. ஜிஎன்எம் பெண் வந்தாள். பையனின் புறங்கையைத் தன் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு ஒரே முயற்சியில் உள்ளே விட்டாள். பையன் நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனான்.

இதைக் கேட்டதும் அண்ணன், "அப்ப படிப்புக்கு பி.எஸ்சி., கைவேலைக்கு ஜிஎன்எம்னு சொல்லு" என்றார். நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த பி.எஸ்சி. பெண்ணிடம் பிறகு பேசினேன். அவள் கல்லூரிக்குச் சொந்தமாக நோயாளிகள் வருகிற ஆஸ்பத்திரி கிடையாது. வாரத்தில் சில நாள் பஸ்ஸில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்களாம். ஒரு கட்டிலைச் சுற்றி முப்பது பேர் நிற்பார்களாம், பின்வரிசையில் நிற்பவளுக்கு நோயாளியின் கால் மட்டும் தெரியுமாம். கேஸ் புக்கில் எழுத வேண்டிய பிரசவக் கணக்கைக்கூட சீனியர்களின் நோட்டைப் பார்த்துத்தான் நிரப்பினார்களாம். ஜிஎன்எம் பெண் படித்த இடத்திலோ ஒரு நாளைக்கு அத்தனை நோயாளிகள், மாணவிகள் கை வைக்காமல் வார்டே ஓடாது. அவளுக்குக் கிடைக்காமல் போனது பாடத்தை ஆழமாகச் சொல்லிக்கொடுக்க நேரம் இருந்த ஆசிரியர்கள்தான். ஆறு மாதத்தில் பி.எஸ்சி. பெண் கேனுலா போடுவதில் வார்டிலேயே முதல் ஆளாகிவிட்டாள். கை பழகுவதற்கு நோயாளிகள் வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஜிஎன்எம்மா பி.எஸ்சி.யா என்று கேட்பதற்கு முன்னால், படிக்கப் போகிற இடத்துக்கு எத்தனை படுக்கை இருக்கிறது, அதில் நிஜமாகவே எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பி.எஸ்சி. கல்லூரி என்றால் குறைந்தது நூறு படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதியே இருக்கிறது. காகிதத்தில் எல்லோரிடமும் நூறு இருக்கும்.

இப்போது வேலைக்கு வருவோம். தமிழக அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுத வேண்டும், எல்லோரும் எம்.ஆர்.பி. என்பார்கள். ஜிஎன்எம், பி.எஸ்சி. இரண்டு பேரும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள், கிடைக்கிற பணியும் ஒன்றேதான். இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தேர்வில் வென்றவர்களையும் முதலில் தொகுப்பூதியத்தில்தான் எடுக்கிறார்கள். 2015இல் அது மாதம் 7,700 ரூபாயாக இருந்தது, போராட்டங்களுக்குப் பிறகு படிப்படியாக 18,000 ரூபாய் ஆனது. நிரந்தரம் ஆவதற்கு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நிரந்தரம் ஆகிவிட்டால் நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அரசு வேலை என்றவுடன் அடுத்த மாதமே முழுச் சம்பளம் என்று நினைத்துக் கடன் வாங்கக் கூடாது.

மத்திய அரசு வேலையில்தான் பி.எஸ்சி.க்கு நேரடி லாபம் இருக்கிறது. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜிஎன்எம் முடித்தவர் ஐம்பது படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். அங்கே நர்சிங் ஆபீசர் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. நம் பிள்ளைகள் வடக்கே போகத் தயங்கி இதை எழுதுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் வரப்போகிறது என்று காத்திருக்கிறவர்கள், இப்போதே ஜோத்பூருக்கோ ராய்ப்பூருக்கோ விண்ணப்பிக்கலாம்.

தனியார் ஆஸ்பத்திரியில் முதல் நாள் சம்பளத்தில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் நான் பார்த்ததில்லை. சிறிய ஊர்களில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்றுதான் இன்னும் பேசுகிறார்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு 2016இல் அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்சுகள் போராடி 2018இல் குறைந்தபட்சம் 20,000 ரூபாயைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். நாம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. பன்னிரண்டாயிரத்துக்கு மூன்று ஷிஃப்டிலும் சுழலும் பெண்களோடு வேலை பார்ப்பவள் என்ற முறையில், இது அநியாயம் என்பதை எங்கே எழுதினாலும் ஒரு வரி சேர்த்து எழுதுவது என் வழக்கம். இன்னொன்று, வேலையில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். நகல் போதும். என்னுடையதை ஒரு இடத்தில் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க ஐந்து மாதம் அலைந்தேன்.

வெளிநாடு என்றால் பி.எஸ்சி.க்குத்தான் கதவு அகலமாகத் திறக்கிறது. சவூதி சுகாதார அமைச்சக ஆஸ்பத்திரிகள் போன்ற இடங்களுக்குப் பட்டம் கேட்பார்கள். ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் ஜிஎன்எம் முடித்தவர்களும் போகிறார்கள். அங்கே தடையாக நிற்பது படிப்பைவிட மொழி. ஜெர்மனிக்கு, சரளமாகப் பேசக்கூடிய பி2 நிலை வரை ஜெர்மன் படிக்க வேண்டும். பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்பது, பேசுவது, படிப்பது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வேண்டும். இவற்றோடு உள்நாட்டில் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் பேச்சு எளிது. ஏஜென்ட் மூலம் போவதானால், வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அவர் நம்மிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்சுகளை அனுப்புகிறது, முதலில் அங்கே கேட்பது நல்லது.

ஆசிரியர் ஆக விருப்பம் இருந்தாலும் பி.எஸ்சி.தான். அதற்கு மேல் எம்.எஸ்சி. என்று வரிசை போகும். பையன்களும் இதைப் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏஎன்எம் தவிர மற்ற இரண்டும் படிக்கலாம், ஆனால் அரசு இடங்களில் ஆண்களுக்கு எத்தனை என்று சேர்க்கை விளக்கக் கையேட்டில் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். எய்ம்ஸ் தேர்விலும் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்ற விகிதம்தான்.

அப்புறம் காசு. நீட் எழுதவில்லையே என்று பாப்பா கவலைப்பட்டாள். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். புதுச்சேரி ஜிப்மருக்கு நீட் மதிப்பெண் வேண்டும், எய்ம்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டத்திலும் வரும். தனியார் கல்லூரி என்றால் விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்ந்து நான்கு வருடத்தில் லட்சங்களில் நிற்கும். அண்ணன் ஐந்து லட்சம் கடன் வாங்கலாம் என்று நினைத்திருந்தார். பத்து சதவீத வட்டிக்கு ஏழு வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 8,300 ரூபாய், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்க்காமலே. முதல் சம்பளம் பன்னிரண்டாயிரம் என்றால் கையில் மிஞ்சுவது 3,700. இதை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முடிவை அங்கேயே சொன்னேன். உயிரியல் குரூப் படித்த பிள்ளைக்கு அரசு பி.எஸ்சி. இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கிடைக்காவிட்டால், கடன் வாங்கி ஒரு சுமாரான தனியார் பி.எஸ்சி.யில் சேர்வதைவிட அரசு ஜிஎன்எம் மேல். அதுவும் இல்லாவிட்டால்தான் தனியார் பி.எஸ்சி., அதுவும் நோயாளிகள் நிறைந்த சொந்த ஆஸ்பத்திரி உள்ள இடமாக இருந்தால் மட்டும். பட்டம்தான் பெரிது, ஜிஎன்எம் இரண்டாந்தரம் என்று சொல்பவர்கள் எங்கள் துறைக்குள்ளேயே நிறைய இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இருபத்தொரு வயதில் கடனில்லாமல் கையில் பதிவு எண்ணோடு நிற்கும் பெண், விரும்பியபோது பட்டம் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் இரண்டு தனியார் கல்லூரிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தோம். வேலைநாளில், காலை பதினோரு மணிக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதல் கல்லூரியில் கண்ணாடிக் கட்டடம், ஏசி வகுப்பறை, பொம்மை நோயாளி வைத்த ஆய்வகம். பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும் என்றோம். பெண்கள் வார்டில் முப்பது கட்டில், நான்கு பேர் படுத்திருந்தார்கள். பாப்பா என் கையைச் சுரண்டி ஒரு மூலையைக் காட்டினாள். அங்கே இருந்த மெத்தைகளில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்காமல் இருந்தது. இரண்டாவது இடம் பழைய கட்டடம், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் டெட்டால் வாசனை, வராந்தா முழுக்க உறவினர்கள், நீலச் சீருடைப் பெண் ஒருத்தி கிட்னி ட்ரேயை ஏந்திக்கொண்டு எங்களை விலக்கிவிட்டு ஓடினாள். அவள் போன திசையையே பாப்பா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரசு பி.எஸ்சி., அரசு ஜிஎன்எம் இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டாகிவிட்டது. மூன்றாவதாக அந்தப் பழைய கட்டடத்தில் ஒரு விண்ணப்பம். கண்ணாடிக் கட்டடத்தைப் பட்டியலிலிருந்து அண்ணனே அடித்துவிட்டார். கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் இந்த நாட்களில், தினமும் ராத்திரி எட்டரைக்கு பாப்பா எனக்குப் போன் செய்து பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுகிறாள். கேஸ் ஷீட்டையும், ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கு எழுதிவைக்கும் ஹேண்டோவரையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதை முதல் வருடத்தில் தடுமாறிக் கற்றவள் நான். நேற்று அவள் வீட்டு மாடு கன்று போட்டதை முழுக்க ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.